விசுவாசம் தேடும் முதலாளிக்கு

கேள்வி: மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடத்தில் நான்கு பையன்கள் நின்றுவிட்டார்கள். அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துப் பார்த்தேன், அதற்கும் பயனில்லை. ஒருவன் அதைத் திருப்பி வாங்கக்கூட வரவில்லை. ஆளையும் கையெழுத்தையும் பார்த்தே வேலைக்கு எடுக்கிறேன். ஒருவன் விசுவாசமாக இருப்பானா என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஈரோடு வாசகர்

பதில்: முடியாது. வேலை கேட்டு வருகிற நாளில் எவனிடமும் விசுவாசம் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முன்பின் தெரியாத முதலாளியிடம் முதல் நாளே உருகுகிறவனைக் கண்டால் நான் கல்லாச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வேன்.

மார்க் ஷீட்டை வாங்கி வைப்பதற்குப் பெயர் அடகு. நீங்கள் நடத்துவது மளிகைக் கடை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? மீட்பதைவிட விட்டுத் தொலைப்பதே லாபம் என்று கணக்குப் போட்டவன்தான் அடகுப் பொருளை விட்டுவிட்டுப் போவான். படித்து வாங்கிய மார்க் ஷீட்டையே ஒரு பையன் அப்படி விட்டுப் போயிருக்கிறான்.

நான் ஆள் எடுத்த கதை ஒன்று சொல்கிறேன். புரூஃப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். மூன்று பேர் வந்தார்கள். அடுத்த இதழுக்கு நான் எழுதியிருந்த தலையங்கத்தை ஆளுக்கொரு பிரதியாகக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்தேன். முதல் இருவரும் ஒற்றெழுத்துகளைச் சுழித்துவிட்டு, “தலையங்கம் பிரமாதம் சார்” என்றார்கள். மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை ராஜராஜன் காலத்தது என்று நான் எழுதியிருந்த இடத்தில், பென்சிலால் ஓரத்தில் “முதலாம் பராந்தகன்? பார்க்கவும்” என்று எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். கி.பி. 919, 921. ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985 இல். வேலை அவருக்குத்தான்.

அந்த வெட்கத்தில்தான் கல்வெட்டின் வாசகத்தையே உட்கார்ந்து படித்தேன். குடத்தில் பெயரெழுதிய ஓலைகளைப் போட்டு எடுத்து, ஊர்ச் சபையின் வாரியத்துக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த விதிகள் அவை. வாரியத்துக்கு வருகிறவன் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், காரியத்தில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று போகிறது பட்டியல். (நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே திறந்த கதவு அது. அதைக் கொண்டாட நான் வரவில்லை.) ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்களையும் சேர்த்தே தள்ளிவைத்திருக்கிறார்கள். நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இனி எப்படி நடந்துகொள்வாய் என்று சத்தியம் வாங்குவதைவிட, கையில் கொடுத்ததற்கு முன்பு கணக்குச் சொன்னானா என்று பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கடையிலும் அதைப் பார்க்கலாம். வருகிறவனுக்கு ஒரு நாள் கூலி பேசி லோடு இறக்குமிடத்தில் நிறுத்துங்கள். சீட்டில் 50 மூட்டை என்று இருக்கட்டும், இறங்குவது 49 ஆக இருக்கட்டும். எண்ணிப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவன் ஒரு ரகம். எண்ணிப் பார்த்தும், முதலாளி கோபிப்பாரே என்று வாய் திறக்காதவன் இன்னொரு ரகம். நேரே உங்களிடம் வந்து, “அண்ணாச்சி, ஒண்ணு குறையுது” என்கிறவனை விட்டுவிடாதீர்கள். கெட்ட செய்தியைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து சொல்கிற இந்தக் குணம் இருந்தால் பில் போடுவதையும் சரக்கு அடுக்குவதையும் பத்து நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். இந்தக் குணத்தைக் கற்றுக்கொடுக்க என்னால் முடிந்ததில்லை.

கையெழுத்தை விட்டுவிடுங்கள். ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஆள் தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 19 முறைகளை ஒப்பிட்டதில், கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கணிப்பதற்கும் பிற்பாடு அவர் வேலை செய்த லட்சணத்துக்கும் இருந்த தொடர்பு 0.02, அதாவது இல்லை என்றே சொல்லலாம். செய்யப்போகிற வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பது முன்வரிசையில் இருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்தப் புரூஃப்காரர் மூன்று வருடம் இருந்துவிட்டு, கூடுதல் சம்பளத்துக்கு வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார். உங்கள் கணக்கில் விசுவாசமில்லாதவர். என் கணக்கில், மூன்று வருடம் என் மானத்தைக் காப்பாற்றியவர்.

சம்பளம் எவ்வளவு, கடை எத்தனை மணிக்குச் சாத்துகிறீர்கள், வார விடுமுறை உண்டா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அதனால் நான்கு பேர் ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவன் இருக்கிறான். அவனுடைய மார்க் ஷீட் உங்கள் மேஜை டிராயரில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்துவிட்டு, ஏன் போனாய் என்று கேளுங்கள்.