‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தை பிரிட்டிஷ் அரசு 27 ஆண்டுகள் தடை செய்தது ஏன்? இப்போது அது பார்க்கத் தகுந்த படமா?

அரசு தடை செய்யவே இல்லை. இந்தத் தவறைப் படித்துப் படித்து அலுத்துப்போனதால்தான் எழுதுகிறேன். தணிக்கைக் குழு ஒரு வெட்டும் இல்லாமல், பெரியவர்களுக்கு மட்டும் என்ற எக்ஸ் சான்றிதழ் கொடுத்தது. 1972 ஜனவரியில் லண்டனில் வெளியாகி ஓராண்டுக்கு மேல் ஓடியது. கதை ஒரு ரௌடிப் பையன்களின் கும்பலைப் பற்றியது; அதனால் இளைஞர்கள் யாரை அடித்தாலும் பத்திரிகைகள் இந்தப் படத்தின்மேல் பழி போட்டன. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்தன. பிரிட்டனில் மட்டும் படத்தை நிறுத்தும்படி படத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனத்திடம் கேட்டவர் அவரேதான். அவர் 1999 மார்ச்சில் இறந்த பிறகு, 2000இல்தான் மறுபடி திரைக்கு வந்தது.

நான் சினிமா படித்தவன் அல்ல. 1994இல் லண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கிங்ஸ் கிராஸில் ஸ்காலா திரையரங்கு இதை அனுமதியின்றிக் காட்டி வழக்கில் சிக்கியது, மறுவருடமே மூடப்பட்டது என்று கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பையன் கதை கதையாகச் சொல்வான். கிடைக்காத பண்டத்துக்கு ருசி அதிகம் அல்லவா? சித்தப்பா மகனின் கலியாணத்துக்கு பாரிஸ் போனபோது, அங்கே சிறிய திரையரங்கு ஒன்றில் சர்வசாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பு நாளன்று மாலை நழுவிவிட்டேன்.

பாதி வசனம் விளங்கவில்லை. படத்தில் அந்தப் பையன்கள் பேசுவது ரஷ்யச் சொற்கள் கலந்த கொச்சை ஆங்கிலம். ‘ஹாரர்ஷோ’ என்றால் நல்லது என்று பொருளாம். கீழே பிரெஞ்சு எழுத்துகள், அதுவும் தெரியாது. ஆனால் அழைப்பு மணி அடிக்கும் காட்சிக்கு மொழி தேவைப்படவில்லை. இரவில் கதவு தட்டப்பட்டால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவன் நான். உள்ளே புகுந்தவன் வீட்டுக்காரரை உதைத்துக்கொண்டே ஹாலிவுட் நடிகர் ஜீன் கெல்லியின் ‘சிங்கிங் இன் த ரெயின்’ பாடுகிறான். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

இதைவிட மோசம் முடிவில் நடந்தது. எழுத்துகள் ஓடும்போது அதே பாட்டு, கெல்லியின் சொந்தக் குரலில். மேலங்கியைத் தேடிக்கொண்டிருந்த என் கால் தானாகத் தாளம் போட்டது. இந்தப் படத்தின் வன்முறையைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கால்தான். கலைப்படத்தை இப்படிப் பார்க்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் வீட்டுக் கதவை யாரும் அப்படித் தட்டியிருக்க மாட்டார்கள்.

கலியாண ஆல்பத்தில் நான் இல்லை. நான் ‘கூடாத படம்’ பார்க்கப் போனதாக மாமி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். வீடியோ எடுத்தவரோ மூவாயிரம் பிராங்க் வாங்கிக்கொண்டு, தாலி கட்டும் நேரத்தில் பூச்சாடியைப் படம்பிடித்துத் தந்தார். அவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

பார்க்கலாமா என்றால், பாருங்கள், தனியாகப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் அந்தப் பாட்டு வரும் ஜீன் கெல்லியின் 1952ஆம் ஆண்டுப் படம் தொலைக்காட்சியில் போனது. அவர் குடையைச் சுழற்றி மழையில் ஆடத் தொடங்கியதும் மகள் கைதட்டினாள். தேநீர் போடுகிறேன் என்று நான் சமையலறைக்குப் போய்விட்டேன். பாட்டு முடியும்வரை கேத்தலில் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

கேள்வியில் ‘தடை’ என்று இருப்பதைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.