அந்த இரண்டு பட்டன்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. தசைச் சிதைவு நோய். பன்னிரண்டு வயதிலிருந்து சக்கர நாற்காலிதான். எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் பெட்டியில் கார் பந்தயம் ஆடுவான். விரலில் பலம் குறைந்துகொண்டே வருகிறது, கண்ட்ரோலரின் பின்பக்கத்து இரண்டு பட்டன்களை அழுத்த முடிவதில்லை. முன்பு தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திக் கொடுப்பாள். அவளுக்கு இந்த வருடம் எஸ்பிஎம், பள்ளி இறுதித் தேர்வு, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக அவன் யாரிடமும் பேசுவதில்லை. பெட்டியை விற்றுக் கோயிலுக்கு நேர்த்தி செய்யச் சொல்கிறார் மச்சான். விற்றுவிடலாமா?
- செம்பனைத் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: விற்பதை அப்புறம் பார்ப்போம். உங்கள் முழுக் கடிதத்தில் நோயைப் பற்றியும் மச்சானைப் பற்றியும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தங்கை அழுத்திக் கொடுத்ததும், நீங்கள் வேண்டாம் என்றதும் இரண்டே வரி. நான் உங்களுக்கு மூத்தவள், தம்பி என்றே கூப்பிடுகிறேன். தம்பி, மகளை அங்கிருந்து எழுப்பியது எப்போது? மகன் பேச்சை நிறுத்தியது எப்போது? உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

பெண்ணைப் படிக்கச் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் அதைப் பெண்பிள்ளை தலையில் கட்டுகிற பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அண்ணனுக்குக் காலமெல்லாம் விரலாக இருக்க அவள் பிறக்கவில்லை. ஆனால் அவள் எழுந்த இடத்தில் யார் உட்கார்ந்தது? ஏன் நீங்கள் உட்காரவில்லை? பெற்றது நீங்கள். குலை வெட்டிக் காய்த்த இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கின்றன?

அவள் தானாகக் கண்டுபிடித்த வழி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கோபைலட் என்று பெயர், 2017-இல் வந்தது. இரண்டு கண்ட்ரோலர்களை இணைத்தால் பெட்டி இரண்டையும் ஒரே ஆட்டக்காரரின் கையாக எடுத்துக்கொள்ளும். அவன் வண்டியைத் திருப்புவான், பின்பக்கத்துப் பட்டன்களில் இருக்கும் வேகத்தையும் பிரேக்கையும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். செலவு இன்னொரு கண்ட்ரோலர் மட்டும். அவன் தனியாக ஆட ஆசைப்பட்டால், பின்பக்கத்துப் பட்டனின் வேலையை முன்பக்கத்துப் பட்டனுக்கு மாற்றிக்கொள்ள நிறைய ஆட்டங்களில் இடம் உண்டு. அதற்கு ஒரு காசும் வேண்டாம். மகளிடம் பத்து நிமிடம் கேளுங்கள், அதனால் எஸ்பிஎம் ஒன்றும் கெட்டுவிடாது.

விரலால் அழுத்த முடியாதவர்களுக்கென்றே, எக்ஸ்பாக்ஸ் செய்யும் மைக்ரோசாஃப்ட் 2018-இல் ஒரு கண்ட்ரோலரை வெளியிட்டது. மேலே உள்ளங்கையாலோ முழங்கையாலோ தட்டக்கூடிய இரண்டு பெரிய வட்டங்கள். பின்னால் 19 துளைகள். ஒவ்வொன்றிலும் தனி சுவிட்ச் மாட்டி, கால் பக்கத்திலோ தலை பக்கத்திலோ வைக்கலாம். அமெரிக்காவில் அது ஏறக்குறைய 100 டாலருக்கு வந்தது. சுவிட்சுகளுக்குத் தனிக்காசு. அதனால் ஓடிப்போய் வாங்காதீர்கள். உடம்பில் எந்த அசைவு அவனைக் களைப்பாக்குவதில்லை என்று முதலில் அவனிடமே கேளுங்கள். அடுத்த தடவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கிவிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடமும் காட்டுங்கள். இன்று விரல் படும் பாட்டை நாளை முழங்கையும் படலாம், அதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

'இவ்வளவு முடியாதவனுக்கு விளையாட்டு எதற்கு' என்று மச்சான் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கன்று மரமாக இருக்கும்போது செம்பனைக் குலையை உளியால் வெட்டுகிறீர்கள். மரம் உயர்ந்துவிட்டால்? நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொள்கிறீர்கள். கை எட்டவில்லை, இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று வேலை வாங்கும் எந்த மண்டோராவது உங்களை வீட்டுக்கு அனுப்பினாரா? பார்வையே இல்லாதவர்கள் ஒலியைக் கேட்டு ஓட்டும்படி 2023-இல் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் என்ற கார் ஆட்டம் வந்திருக்கிறது. மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் விளையாட்டையும் பொழுதுபோக்கையும் அவர்களுடைய உரிமை என்றுதான் சொல்கிறது. உங்கள் மகனிடம் ஓகேயூ என்கிற மாற்றுத்திறனாளி அட்டை இருக்கும், அதைக் கொடுத்த நாட்டின் சட்டம்தான் இது.

நேர்த்தி விஷயம். சாமிக்குச் செய்ய ஆசை இருந்தால் மச்சான் தன் காசில் செய்யட்டும். பிள்ளையின் பொருளை அவனைக் கேட்காமல் விற்று உண்டியலில் போட்டால், அது யார் கொடுத்த காணிக்கை?

சரி, இந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து குளித்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். புத்திமதி ஒன்றும் வேண்டாம். 'எந்தப் பட்டன்டா எனக்கு?' என்று மட்டும் கேளுங்கள். முதல் வளைவிலேயே பிரேக்கைத் தாமதமாக அழுத்தி வண்டியைச் சுவரில் மோதுவீர்கள். அவன் கத்துவான், உங்களைத் திட்டுவான். திட்டட்டும், அடுத்த வளைவுக்குத் தயாராகுங்கள்.