வலப்பக்கம் இழுக்கும் படகு

கேள்வி: ஐயா, மொரீஷியஸில் த்ரூ தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். 90 குதிரைத்திறன் அவுட்போர்டு, படகின் பின்னால் மாட்டும் இஞ்சின். கேபிள் ஸ்டியரிங் இறுகிக் கிடக்கிறது. வேகமெடுத்தால் வலப்பக்கம் இழுக்கிறது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் போட்டால் இரண்டும் தீருமா?

பதில்: தம்பி, பணத்தை எடுக்குமுன் அரை மணி நேரம் செலவிடுங்கள். இஞ்சினோடு கேபிளைச் சேர்க்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, இஞ்சினைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். லேசாக ஆடினால் கோளாறு கேபிளில். அப்போதும் முரண்டு பிடித்தால் இஞ்சினின் சுழல் மூட்டில் உப்பும் காய்ந்த கிரீஸும் கட்டியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் ஹைட்ராலிக் போட்டுப் பயனில்லை. கிரீஸ் அடிக்கும்போது கேபிள் முனைத் தண்டு முழுவதும் அது நுழையும் குழாய்க்குள் போயிருக்கட்டும். வெளியே நீட்டிய நிலையில் அடித்தால் கிரீஸே அடைத்துப் பூட்டிக்கொள்ளும்.

வலப்பக்கம் இழுப்பது ப்ரொப்பெல்லர் சுழற்சியால் வருவது. ப்ரொப்பெல்லருக்கு மேலே சின்னத் துடுப்பு மாதிரி ஒரு தகடு இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, அதன் பின்விளிம்பை வலப்பக்கமே கொஞ்சம் திருப்புங்கள். ஆம், இழுக்கிற பக்கமே.

இதற்கு மேலும் இழுத்தால் ஹைட்ராலிக் போடுங்கள் என்றுதான் சொல்வேன். திருப்பி உதைக்காத கேபிள் ஸ்டியரிங்கும் கிடைக்கிறது. அது ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துவைக்கும், பாரத்தைக் குறைக்காது. நான் கேபிளோடு ஓடிய காலத்தில், தென்கிழக்குக் காற்றில் பவளத்திட்டு வாயைக் கடக்கும்போது ஒரு கையை எடுத்தேன். சக்கரம் பிடுங்கிக்கொண்டு சுழன்றது, முன்னால் நின்ற என் மச்சானின் தோள் படகின் பலகையில் போய் மோதியது. ஆள் ஏற்றுகிறவருக்கு அந்த நிலை வரவே கூடாது.

வாங்குமுன் இஞ்சினை முழுக்கத் தூக்கி, முழுக்கத் திருப்பி, இஞ்சினைத் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டர் எங்கும் இடிக்காத இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். ஓஸ் நீளத்தையும் அதே நிலையில் பாருங்கள். மாட்டிய பிறகு எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் சிலிண்டரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட. சக்கரம் மெத்தென்று அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. பிரேக் ஆயில் ஊற்றவே ஊற்றாதீர்கள், சீல்கள் கெட்டுப்போகும். சக்கரம் முன்பைவிடச் சில சுற்று அதிகம் கேட்கும்; கை பழகிவிடும்.

முதல் ஓட்டம் ஆளில்லாமல், பவளத்திட்டுக்கு உள்ளேயே போங்கள், இஞ்சினை அணைக்கும் கயிற்றைக் கட்டிக்கொண்டு. மறுநாள் காலை சிலிண்டர் தண்டை வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய் ஒட்டினால் எழுதுங்கள்.