16இல் கொலை, 18இல் செய்தி: கதை அமைப்பு பற்றிக் கேள்வி பதில்

சிலப்பதிகாரம் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து பர்மாவில் ரங்கூன், பேகு, மோல்மேன் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பேகு வாசகர்: ஐயா, நூலின் முன்னுரையான பதிகத்திலேயே கோவலன் கொலை, மதுரை எரிந்தது என்று மொத்தக் கதையையும் சொல்லிவிடுகிறாரே, அப்புறம் படிக்க என்ன இருக்கிறது?

என்ன நடக்கும் என்பதை முன்னாலேயே கொடுத்துவிட்டு, யாருக்கு எப்போது தெரியவரும் என்பதை இளங்கோ தன் கையில் வைத்துக்கொள்கிறார். 16ஆவது காதையான, அதாவது அத்தியாயமான, கொலைக்களக் காதையில் கோவலன் வெட்டுப்படுகிறான். உடனே கண்ணகியிடம் செய்தியைக் கொண்டுபோகாமல், 17இல் ஆயர் சேரியில் நம்மை நிறுத்துகிறார். அங்கே பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கெட்டது வருகிறது என்று பயந்த மாதரி, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர் பெண், கண்ணகியும் பார்க்கட்டும் என்று குரவை ஆட ஏற்பாடு செய்கிறாள். எழுவர் கைகோத்து ஆடுகிறார்கள், கண்ணனைப் பாடுகிறார்கள், பாட்டோ முடிகிற வழியாக இல்லை. தனியாக எடுத்துப் படித்தால் அத்தனை இனிமை, ஆனால் அவன் செத்துக் கிடப்பது தெரிந்த நமக்கு அங்கே உட்கார முடிவதில்லை. 18இலாவது சொல்லிவிடுவார் என்று பார்த்தால், ஊரில் செய்தி கேட்டு ஓடிவந்த பெண்ணும் வாயடைத்து நிற்கிறாள், கண்ணகிதான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அதே வாசகர்: குரவையைக் கொலைக்கு முன்னால் வைத்திருந்தால்?

சகுனம் பார்த்து நாமும் மாதரியோடு சேர்ந்து பயந்திருப்போம், அவ்வளவுதான்.

மோல்மேன் மாணவி: சார், "அமைப்பு வாசகரை ஈர்க்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் வருவதில்லை, வேறு எப்படி எழுதுவது?

எந்த நூலுக்கும் பொருந்துகிற வாக்கியம் அது, எப்படி மதிப்பெண் வரும்? இப்போது மேலே செய்ததுபோல அந்தப் பகுதியை மனதுக்குள் வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். எது கெட்டுப்போகிறதோ அதை எழுதுங்கள்.

ரங்கூன் வாசகர்: எங்கள் தாத்தா 1942இல் எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தவர். அவர் கதையை எழுதுகிறேன், எட்டுப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். தொடக்கம் சரியா அண்ணே?

சரியில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் நடத்திய குண்டுவீச்சில் தொடங்குகிறீர்கள், நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள், வாசகரும் அழுவதற்குத் தயாராக உட்கார்ந்துவிடுகிறார். மூன்றாம் பக்கத்தில், தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தாத்தா தோளில் தூக்கிக்கொண்டார் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் அரிசியை விட்டார்கள், பாத்திரத்தை விட்டார்கள் என்று வரும்போதெல்லாம் வாசகர் மெஷின் இருக்கிறதா என்றுதான் தேடுவார், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். சின்னப் பாட்டி வழியில் இறந்ததை இரண்டு பக்கம் விவரித்திருப்பதும் அதிகம். முந்தைய பத்தியில் ஐந்து பேருக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்றால் அடுத்த பத்தியில் நான்கு பேருக்கு ஊற்றட்டும். இறந்த செய்தி அதற்குப் பிறகு, ஒரே வாக்கியத்தில்.

மாண்டலே வாசகர்: பழைய நினைவுகளைச் சாய்வெழுத்தில் போடலாமா?

வேண்டாம், நாலு பக்கத்துக்குமேல் போனால் கண் வலிக்கும். காலம் மாறியது முதல் வாக்கியத்திலேயே புரிகிற மாதிரி எழுதினால் போதும்.