ஒட்டுத்துணிப் போர்வை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து குவில்ட், அதாவது துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கிறோம். நான் முப்பது வருடம் ரவிக்கை தைத்தவள். அதில் மிஞ்சிய துணி மூட்டையைத் தூக்கிப் போட மனம் வராமல் ஆரம்பித்த வேலை இது. பொங்கலுக்கு நாங்கள் தொங்கவிட்ட போர்வையைப் பார்த்துப் பலர் கேள்வி கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையில் இல்லை, எனக்குத் தோன்றிய வரிசையில் பதில். அடைப்புக்குறிக்குள் கேட்டவர் இருக்கும் வட்டாரம்.

ஊசி பிடித்ததே இல்லை அக்கா. எதில் ஆரம்பிப்பது? மெஷின் வாங்க வேண்டுமா? (பொங்கோல்)

மெஷின் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் பழைய பருத்திச் சட்டை, குர்த்தா, தலையணை உறை இருக்கும். அவற்றை 5 அங்குலச் சதுரங்களாக 64 வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், மிஞ்சுவது நாலரை அங்குலம். எட்டுக்கு எட்டாகச் சேர்த்தால் 36 அங்குலச் சதுரம், ஒரு குழந்தைப் போர்வைக்குச் சரியாக இருக்கும். ரோட்டரி கட்டர் என்கிற சக்கரக் கத்தி, வெட்டும் பாய் இதெல்லாம் வேலை பிடித்துப்போன பிறகு வாங்கலாம். அதுவரை அட்டையில் வெட்டிய ஓர் அளவுச் சதுரம் போதும்.

தைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி இரண்டு நாள் அப்படியே விடுங்கள். சமையலறைக்குப் போகும்போது ஒன்றை மாற்றி வைப்பீர்கள், திரும்பி வரும்போது அதை மறுபடியும் பழைய இடத்திலேயே வைப்பீர்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த கட்டம் இதுதான். முப்பது வருடம் அடுத்தவர் சொன்ன அளவில், அடுத்தவர் சொன்ன கழுத்தில் தைத்தவளுக்கு, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை வைப்பதா வேண்டாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே பெரிய சொகுசு. குழப்பமாக இருந்தால் கைப்பேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். அடர்ந்த துண்டுகள் எல்லாம் ஒரே மூலையில் கூடியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

அதே ஆள்தான் அக்கா. எட்டு எட்டுச் சதுரமாக இரண்டு வரிசை சேர்த்துவிட்டேன். இரு ஓரத்துத் தையலிடம் நீங்கலாக ஒரு வரிசை 36 அங்குலம் வருகிறது, இன்னொன்று 35தான். என்ன தப்பு?

கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு வீசம், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒன்று, தள்ளிப் போனால் இரண்டு துண்டிலும் சேர்த்து ஒவ்வொரு தையலிலும் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, அங்குலம் போகும். ஏழு தையலுக்குக் கணக்குப் போடுங்கள், முக்கால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும். துணிக்குப் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு அதன்மேல் தையுங்கள். அப்புறம், ஒரு வரிசையின் தையல் விளிம்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் மடித்து இஸ்திரி போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்.

இந்த வெயிலில் யார் அக்கா போர்வை போர்த்துவது? (ஈசூன்)

ஏர்கான் போட்டுக்கொண்டு கழுத்து வரை இழுத்துப் போர்த்தித் தூங்குகிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா!

உள்ளே தடிமனான பஞ்சு அடுக்கு வேண்டாம், அவ்வளவுதான். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் இருக்கும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் பஞ்சே கிடையாது. அடியில் ஒரு பழைய சேலை, அதன்மேல் துண்டுத்துணிகள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டபடி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த ஒரு ‘பூ’ வைக்காமல் முடிக்க மாட்டார்கள். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதுதான். எங்கள் புளோக்குக்குச் சாயம் பூச வந்த பங்களாதேஷ்த் தம்பி ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் நின்று பார்த்துவிட்டு, தன் அம்மா இதைவிட நெருக்கமாகத் தையல் போடுவார் என்று சொல்லிவிட்டுப் போனார். நெருக்கமாகத்தான் போடுவார். நானும் அன்றிலிருந்து தையலைச் சின்னதாக்கிக்கொண்டேன்.

பேரப்பிள்ளைக்குத் தைத்தேன். சம்பந்தியம்மா, “ஒட்டுப்போட்ட துணியைப் பச்சைக் குழந்தைக்கா?” என்று முகத்தைச் சுளித்தார். (உட்லண்ட்ஸ்)

அவர் மேல் வருத்தப்படாதீர்கள். நம் தலைமுறைக்கு ஒட்டு என்றால் இல்லாமை. “கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்ற பழமொழியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வீட்டில் சட்டையில் ஒட்டுப் போட்டால், அது தெரியாதபடி போடுவதுதான் திறமை. குவில்டில் ஒட்டு எல்லோர் கண்ணிலும் படுகிறது, அதுதான் அவருக்கு உறுத்துகிறது.

ஆனால் அவரிடமே கேளுங்கள்: அவர் பிள்ளை பிறந்தபோது முதலில் எதில் சுற்றினார்கள்? பெரியவர்கள் கட்டி நைந்த சேலையிலோ வேட்டியிலோதானே! புதுத்துணி குத்தும், பழசுதான் மெத்தென்று இருக்கும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். சீனர்களிடம் இன்னும் அழகான வழக்கம் ஒன்று உண்டு: நூறு வீடுகளில் துண்டுத்துணி வாங்கிக் குழந்தைக்குச் சட்டையோ போர்வையோ தைப்பது. நூறு வீட்டு ஆசியும் சேரும், பிள்ளை நீண்ட நாள் வாழும் என்பது நம்பிக்கை. அலங்காரத்துக்கும் நாம் ஒட்டுவேலை செய்தவர்கள்தான். கோயில் தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள், சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் வெட்டி ஒட்டித் தைத்ததுதானே? சம்பந்தியம்மாவிடம் அவருடைய பழைய சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி ஒரு சதுரமாவது சேருங்கள். அப்புறம் அது அவருடைய போர்வையும் ஆகிவிடும்.

அம்மா போய் எட்டு மாதம். அலமாரியில் நாற்பது சேலை. வெட்டலாமா? (பிடோக்)

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன் அம்மா.

இப்போது வெட்டாதீர்கள். முதல் வருடம் போகட்டும். இது சாத்திரம் அல்ல, நான் பட்டது. என் அம்மா இறந்த இரண்டாவது மாதமே கத்தரியை எடுத்தேன். அழுகையோடு வெட்டியதில் அவர் கட்டிக்கொண்டே இருந்த சாம்பல் நிறச் சேலையின் முந்தானையை நடுவில் பிளந்துவிட்டேன். அந்த முந்தானை முழுசாக இருந்திருந்தால் போதுமே என்று பிறகு தோன்றாத நாள் இல்லை.

வருடம் கழிந்ததும் அண்ணன், தங்கை எல்லோரையும் ஒருநாள் கூப்பிடுங்கள். பட்டுச் சேலையை ஒரு பக்கமாக எடுத்து வையுங்கள். அதைக் கட்ட ஆள் உண்டு, வெட்டினாலும் ஓரம் பிரியும், பின்னால் ஒட்டும் கேன்வாஸ் வைத்தால்தான் நிற்கும். அடுக்களையில் கட்டிய பருத்திச் சேலைகளை எடுங்கள். அம்மாவின் ஞாபகம் கல்யாணப் பட்டில் இருக்காது, அதில்தான் இருக்கும். கொசுவம் உரசுகிற கீழ்ப்பகுதி நைந்திருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நல்ல இடமாகப் பார்த்து வெட்டுங்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். நான்கு சேலையில் நான்கு பேருக்கும் போர்வை தைத்து முந்தானைகளை முழுசாக வைத்துக்கொள்ளலாம். யார் எந்தச் சேலையை எப்போது பார்த்தோம் என்று பேச்சு கிளம்பும். அன்றைக்கு ஒரு தையல்கூடப் போட முடியாமல் போகலாம், பரவாயில்லை.

சாயம் போகும் துணியை என்ன செய்வது? உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் நிற்குமா? (செங்காங்)

நிற்காது. கடையில் வாங்கும் பருத்தித் துணியின் சாயத்தை உப்போ வினிகரோ பிடித்து நிறுத்துவதில்லை. துணியை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து இஸ்திரி போடுங்கள். கறை பட்டால் அந்தத் துணியை எடுக்காதீர்கள். சிவப்புச் சுங்குடியையும் வெள்ளை வேட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தைத்து, முதல் துவையலிலேயே ரோஸ் வேட்டி பார்த்தவள் நான். அப்படி ஆகிவிட்டால் காயவிடாமல், நிறைய வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

ஆண்கள் வரலாமா? (ஜூரோங்)

தேக்கா சந்தை மாடியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார் தம்பி? வாருங்கள். வரும் வழியில் அவர்களிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு ஒரு பை வாங்கி வந்தால் இன்னும் நல்லது. முழுத்துணி வேண்டுமென்றால் அராப் ஸ்திரீட் போகலாம், பீப்பிள்ஸ் பார்க்கிலும் கிடைக்கும்.

சமூக மன்றத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். ஆளுக்கொரு கைத்திறன், ஆளுக்கொரு ரசனை. ஒரே போர்வையாக எப்படிக் கொண்டுவருவது? (தெம்பனிஸ்)

அளவை மட்டும் பிடிவாதமாக ஒன்றாக வையுங்கள், சதுரங்களுக்கு நடுவே ஒரே நிறப் பட்டி வையுங்கள். மற்றதை அவரவரிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1942இல், ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்திருந்த காலத்தில், சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் மூன்று குவில்ட் தைத்தார்கள். கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்பவர் முன்னின்று செய்தது. ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் தன் பெயரையும் தன்னைப் பற்றி ஏதாவதொன்றையும் தைக்க வேண்டும். காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியப் படையினருக்கு என்று ஆளுக்கொன்று. கணவன்மார் வேறு பக்கம் அடைபட்டிருந்தார்கள். பெயர் தைத்த சதுரம் அவர்கள் பக்கம் போனால், இவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். இப்போது ஒன்று லண்டனில், இரண்டு கான்பராவில் இருக்கின்றன. அதே சிறையில் பெண் சாரணச் சிறுமிகள் சுமார் இருபது பேர் தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக, கிடைத்த கந்தலை அறுகோணமாக வெட்டி ஒரு குவில்ட் தைத்தார்கள். படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு சதுரத்தின் கைவேலை அருமையாக இருக்கும், அடுத்தது கோணலாக இருக்கும். கோணலைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்று: அடுத்தவர் தையலைப் பிரிக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒரு மலாய் ஆன்ட்டி, வெட்டுத்துணியை ‘பெர்ச்சா’ என்பார். அவர் போட்ட வளைந்த தையலை ஒருநாள் நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து நேராக்கினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மறுவாரம் விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் வந்தார்.

துவைப்பது, வைப்பது? (அங் மோ கியோ)

ஈரக் குவில்ட் கல்லாய்க் கனக்கும், துணி காயப்போடும் மூங்கில் கழியில் போட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். உள்ளேயே இரண்டு கம்பியில் விரித்துக் காற்றாடியைப் போடுங்கள். முழுக்கக் காயாமல் மடித்தால் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் பை கூடாது, தலையணை உறைக்குள் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

எவ்வளவுக்கு விற்கலாம்? (பெயர் வேண்டாம் என்றார்)

தைத்த மணி நேரத்துக்குக் கூலி போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள், அதற்குக் குறைத்து விற்றால் உங்களுக்கே மனம் ஆறாது. நான் விற்பதில்லை.

அம்மாவுக்கு 81 வயது. நன்றாகத் தைப்பார், ஆனால் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. அழைத்து வரலாமா? (தோ பாயோ, பக்கத்து புளோக்)

அழைத்து வாருங்கள். நான்காவது மாடிப் பையன் ஒருவன் சனிக்கிழமை பந்தாடப் போகும் முன் இருபது ஊசியில் நூல் கோத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்திவிட்டுப் போவான். தீர்ந்தால் கூப்பிடுவோம், முனகிக்கொண்டே வருவான். அம்மாவுக்குத் தேநீரில் சீனி போடலாமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.