நிழலுக்கு எடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு மதுரையில் ஒரு சிறு குழுவின் நாடகம் பார்த்தோம். இதற்கென்றே திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்தோம். ஓர் ஊரில் ரேஷன் அரிசி வேண்டுமென்றால் அவரவர் நிழலை வெட்டித் தராசில் வைக்க வேண்டும். கதை அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரமும் மேடையில் ஒரே விளக்கு, அதுவும் மங்கல். கிழவி ஒருத்தி தன் நிழலைப் பழம்புடவையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கும் இடத்தில் என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். நிழல் என்பது ஓட்டா, மானமா, மனசாட்சியா? சொல்ல வந்ததை நேராகச் சொன்னால் என்ன? இவ்வளவு இருட்டு எதற்கு?

ச., திருமங்கலம்

அன்புள்ள ச.,

அதே நாடகத்தை முந்தின நாள் நானும் பார்த்தேன். நாற்பது பேர்கூட இல்லை. பாதிப் பேர் நடிகர்களின் சொந்தக்காரர்கள்.

நிழல் எதைக் குறிக்கிறது என்று விடை தேடிக்கொண்டு உட்கார்ந்தால் நாடகம் விடுகதையாகிவிடும். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் பாண்டியன் ஜீவகன் உயிர், அவன் அமைச்சன் குடிலன் மாயை என்று உரை சொல்வார்கள். சொல்லட்டும். நெடுநாள் ஆண்ட மதுரையை விட்டுவிட்டு, குடிலன் பேச்சை நம்பி நெல்லையில் போய்க் கோட்டை கட்டுகிற பாண்டியனைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. உரை தெரியாதவனுக்கும் கலங்கும்.

இருட்டு என்கிறீர்கள். நம் பக்கத்துக்கு அது புதிதா? கோயில் திருவிழாவில் விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அரிச்சந்திர மயான காண்டம் பார்த்திருப்பீர்கள். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். காவல் நிற்கும் புருஷன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். இதைவிடக் கறுப்பான காட்சியை எந்த நவீன நாடகக்காரன் எழுதிவிட்டான்? 1918இல் மதுரையில் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியும் ஒரு கதை உண்டு. எமன் வேடத்தில் அவரைக் கண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாம், அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டாராம்.

அந்த முழத்துண்டைக் கவனியுங்கள். அது எதற்கும் குறியீடு இல்லை, வெறும் துணி. ஆனால் அவளிடம் அதுகூட இல்லை. கிழவியின் பழம்புடவை முடிச்சும் அப்படித்தான் வேலை செய்தது. முடிச்சில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் தராசுத் தட்டு தாழ்ந்தபோது அரங்கில் ஒரு செருமல்கூட இல்லை.

எழுபதுகளின் கடைசியில் மு. ராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கம் என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியபோதும் "புரியவில்லை" என்ற பேச்சு இருந்தது. செத்த அண்ணனைப் புதைக்கக்கூடாது என்று அரசன் தடுக்கும் ஆண்டிகனி என்ற கிரேக்க நாடகத்தின் கதையையும் அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பிணத்துக்கு உரிய சடங்கு மறுக்கப்படுவது நமக்குப் புரியாத விஷயமா என்ன!

அதற்காக அந்தக் குழுவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் புகார் வேறு. கடைசிப் பத்து நிமிடம் ஒரு பையன் முன்னால் வந்து நின்று, அதிகாரம் மக்களை எப்படி விழுங்குகிறது என்று பிரசங்கம் செய்தானே, அங்கேதான் நாடகம் செத்தது. நீங்கள் கேட்ட "நேராகச் சொல்வது" அதுதான். பிடித்திருந்ததா?

இன்னொன்று, பபூன் இல்லை. ஸ்பெஷல் நாடகக்காரர்கள் கெட்டிக்காரர்கள். முன்னிரவில் பபூன் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்துவிட்டுப் போன பிறகுதான் விடியற்காலையில் சுடுகாடு வரும். இந்தப் பிள்ளைகள் சிரிப்பை ஏதோ குற்றம்போல ஒதுக்கிவிட்டார்கள். நிழலை எடை போடுகிற கடையில் எடைக்கல் திருட்டு நடக்காதா? ஒல்லிக்காரன் வெயில் சாயும்வரை காத்திருந்து நீள நிழலோடு வரமாட்டானா? நம் ஊர் பபூன் கையில் கிடைத்திருந்தால் அந்தக் கடை என்ன பாடு பட்டிருக்கும்!

உங்கள் மனைவி அலுத்துப்போய் வெளியேறியதாக எடுத்துக்கொண்டீர்கள். நான் பார்த்த அன்றும் சரியாக அதே இடத்தில் ஓர் அம்மாள் எழுந்து போனார். நாடகம் முடிந்து நான் வெளியே வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். திருமங்கலம் திரும்பும் பஸ்ஸில் உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லையே. கேட்டீர்களா?