சில்வர் கவரிலும் முறுக்கு நமுத்துப்போவது ஏன்?

கேள்வி: முள்ளு முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். சாதாரணக் கவரில் நமுத்துப்போகிறதே என்று ஜிப் வைத்த சில்வர் கவருக்கு மாறினேன். '100 மைக்ரான்' தடிமன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனாலும் இருபதே நாளில் நமுத்துப்போய்ச் சிக்கு வாடையும் அடிக்கிறது. கவர் மட்டமானதா?
– வாசகி, மணப்பாறை

பதில்: கவரைக் குறை சொல்லுமுன், வாயைச் சூட்டில் ஒட்டிய சீலைப் பாருங்கள். ஜிப் என்பது, வாங்கியவர் பிரித்த பிறகு மூடிவைக்கத்தான். அது காற்றை முழுக்கத் தடுக்காது. ஜிப்புக்கு மேலே ஹீட் சீல் கட்டாயம் வேண்டும்.

சீல் போட்ட பாக்கெட்டை வாளித் தண்ணீருக்குள் முக்கி, அரை நிமிடம் மெல்ல அழுத்துங்கள். குமிழி ஓரத்து மூலையில் வந்தால் கவர் சுருங்கிய நிலையில் சீல் விழுந்திருக்கிறது. சீலின் நடுவில் வந்தால் அந்த இடத்தில் எண்ணெயோ முறுக்குத் தூளோ ஒட்டியிருக்கிறது; நிரப்பும்போது வாய்க்குள் ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்து அதன் வழியே போடுங்கள். வயிற்றுப் பகுதியில் வந்தால் முறுக்கின் முள் குத்திய ஓட்டை. முள்ளு முறுக்கில் இது சகஜம், பலர் கவனிப்பதில்லை.

அடுத்து, சீலைக் கையால் பிரியுங்கள். இரண்டு பக்கமும் சுத்தமாக உரிந்து வந்தால் சூடு போதவில்லை. கவர் இழுபட்டுக் கிழிந்தால் நல்ல சீல்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கவருக்கு வருவோம். சில்வர் கவரில் பெரும்பாலும் மூன்று அடுக்கு: வெளியே 12 மைக்ரான் பாலியெஸ்டர், நடுவில் அலுமினியப் பூச்சு ஏற்றிய 12 மைக்ரான் பாலியெஸ்டர், உள்ளே பாலித்தீன். விலையைக் குறைப்பவர்கள் கை வைப்பது பெரும்பாலும் உள் அடுக்கில்தான். சீல் ஒட்டுவதும் முள்ளைத் தாங்குவதும் அதுவே. கவரின் ஒரு பக்கச் சுவரிலிருந்து, ஜிப்பும் ஓரச் சீலும் சேராமல், 10 செ.மீ. சதுரமாகப் பத்துத் துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உள்ளே 60 மைக்ரான் பாலித்தீன் இருந்தால் ஏறத்தாழ 9 கிராம் நிற்கும். 7 கிராம் என்றால் உள் அடுக்கு 35 மைக்ரான் அளவுக்குத்தான் தேறும். 60 இருந்தாலே மொத்தம் 84 மைக்ரான்தான். எனவே '100' என்றால் எந்த அடுக்கு எத்தனை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

முறுக்கு முழுக்க ஆறுவதற்குள் கட்டினால் எந்தக் கவரும் காப்பாற்றாது. மறு எண்ணெயில் சுட்டிருந்தால் சிக்கு வாடைக்குக் கவர் பொறுப்பில்லை.

கேள்வி: 'ஃபாயில் கவர்' என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். நிஜ ஃபாயில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சாத்தூர்

பதில்: ஃபாயில் என்பது மெல்லிய அலுமினியத் தகடு; சாதாரண சில்வர் கவரில் இருப்பது பிளாஸ்டிக் மேல் ஏற்றிய அலுமினியப் பூச்சு மட்டுமே. இருட்டறையில் கவருக்குள் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். பூச்சுக் கவரில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும், ஃபாயிலில் தெரியாது. அழுத்தி மடித்துவிட்டால் ஃபாயில் மடிந்தபடியே கிடக்கும், பூச்சுக் கவர் நிமிரப் பார்க்கும். ஒரு எச்சரிக்கை: மடிப்பு விழுந்த இடத்தில் ஃபாயிலில் ஊசிமுனை ஓட்டை விழும். கவர்களைச் சுருட்டிக் கட்டி அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள்.